பூரிரி அந்துப்பூச்சி: ‘அகணிய உயிரி’ என்னும் கருத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

‘அந்து விழுந்த நெல்’ என்று சொல்லும்போது நம் மனக்கண்ணில் தோன்றும் பூச்சி நெல்மணியளவே இருக்கும். அதே ‘அந்து’ என்னும் சொல்லைப் பெயரில் தாங்கிய அந்துப்பூச்சிகளின் பெருங்கூட்டத்தில், இறக்கைகளை விரித்தால் 15 சென்டிமீட்டர்வரை நீளும், பாசி படர்ந்த பட்டையின் பச்சை நிறம் கொண்ட ஒரு பூச்சி இருக்கிறது. அது நியூசிலாந்தில், அதிலும் அந்நாட்டின் வட தீவில் மட்டுமே வாழ்கிறது. அங்குள்ளவர்கள் அதைப் பூரிரி அந்துப்பூச்சி என்று அழைக்கிறார்கள். அறிவியல் பெயர் ஏனெட்டஸ் வைரெசென்ஸ். நியூசிலாந்துக்கு வெளியே பூச்சியியல் படித்தவர்களைத் தவிர வேறு பலர் இதன் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும், ஓர் உயிரினம் ‘ஒரே நிலத்துக்கு உரியது’ என்று சொல்வதன் முழுப்பொருளை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. எனவே அந்தக் கருத்தையும் இந்தப் பூச்சியின் வாழ்க்கையையும் சேர்த்தே இங்கு விளக்க முயல்கிறேன்.

ஓர் உயிரினம் ஒரு குறிப்பிட்ட நிலப்பரப்பில் மட்டும் இயற்கையாக வாழ்ந்து, உலகின் வேறு எந்தப் பகுதியிலும் இயற்கையாகக் காணப்படாவிட்டால், அதனை அந்த நிலத்தின் அகணிய உயிரி என்கிறோம். ஓரிடவாழ்வி என்ற சொல்லும் இதே பொருளில் வழங்குகிறது. இதைப் ‘பூர்வீக உயிரி’ என்பதோடு குழப்பிக்கொள்வது எளிது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நியூசிலாந்தின் பூச்சிகளைக் கொண்டே இந்த வேறுபாட்டைக் காட்டலாம். முட்டைக்கோஸ் பயிரை அழிக்கும் வெள்ளைப் பட்டாம்பூச்சி 1930இல் நேப்பியர் நகரில் முதன்முதலாகக் காணப்பட்டது. மனிதப் போக்குவரத்தோடு வந்து சேர்ந்த அது அந்நாட்டுக்கு அயல் உயிரி. மஞ்சள் அட்மிரல் என்னும் பட்டாம்பூச்சி யாரும் கொண்டுவராமல் தானாகவே அங்கு வாழ்ந்துவருவது. ஆனால் ஆஸ்திரேலியாவிலும் அது இயற்கையாகவே வாழ்கிறது. ஆகவே அது நியூசிலாந்தின் பூர்வீக உயிரிதான், அகணிய உயிரி அன்று. பூரிரி அந்துப்பூச்சியோ அங்கு தானாக வாழ்வது மட்டுமின்றி, அங்கு மட்டுமே வாழ்வது. அகணிய உயிரிகள் அனைத்தும் பூர்வீக உயிரிகளே. பூர்வீக உயிரிகள் அனைத்தும் அகணிய உயிரிகள் ஆகா.

‘ஒரு நாட்டுக்கு உரியது’ என்ற சொற்றொடரைச் சற்று எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும். நாட்டின் எல்லையை மனிதர் வகுக்கிறார்கள். உயிரினத்தின் எல்லையைக் கடலும் மலையும் குளிரும் உணவும் வகுக்கின்றன. நியூசிலாந்து தீவு நாடாக இருப்பதால் அரசியல் எல்லையும் கடல் எல்லையும் ஒன்றாக அமைந்துவிட்டன, அவ்வளவுதான். அப்படியும் இந்த அந்துப்பூச்சி நாடு முழுவதும் பரவியிருக்கவில்லை. வட தீவுக்கும் தென் தீவுக்கும் இடையே உள்ள குக் நீரிணையைத் தாண்டி அது வாழவில்லை. ஆகவே ‘நியூசிலாந்தின் அகணிய உயிரி’ என்பது சரியான கூற்றே என்றாலும், ‘வட தீவின் அகணிய உயிரி’ என்பது அதனினும் துல்லியமான கூற்று.

இன்னொரு தவறான எண்ணத்தையும் தொடக்கத்திலேயே நீக்கிவிட வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வாழ்வதால் அந்த உயிரினம் அரிதானதாகவே இருக்கும் என்று பலரும் முடிவு செய்துவிடுகிறார்கள். அகணியம் என்பது பரப்பைக் குறிக்கும் சொல்; எண்ணிக்கையைக் குறிப்பதன்று. பூரிரி அந்துப்பூச்சி வட தீவின் காடுகளில் பரவலாகவே வாழ்கிறது. வசந்தகால இரவுகளில் வீட்டு விளக்கை நாடி வந்து சுவரில் மோதுவதும் உண்டு. அதே நாட்டின் மற்றோர் அகணிய உயிரியான டைட்டனோமிஸ் சிசிரோட்டா என்னும் அந்துப்பூச்சியின் நிலையோ இதற்கு நேர்மாறானது. 1888இல் எட்வர்ட் மெய்ரிக் அதனை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் பிறகு இத்தனை காலத்தில் சேகரிக்கப்பட்ட மாதிரிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. 1959க்குப் பின் யார் கண்ணிலும் படாதிருந்த அது, 2024இல் ஸ்டூவர்ட் தீவில் ஒரு பயணியின் ஒளிப்படத்தில் மீண்டும் வெளிப்பட்டது. ஒரே நாட்டின் இரண்டு அகணிய அந்துப்பூச்சிகளில் ஒன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. மற்றொன்று அறுபத்தைந்து ஆண்டுகள் மறைந்திருந்தது.

நியூசிலாந்தில் அகணிய உயிரிகள் இத்தனை மிகுந்திருப்பதற்கு அதன் தனிமையே முதற்காரணம். கோண்டுவானா என்ற பெருங்கண்டத்திலிருந்து அந்நிலம் ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்து விலகியது. அதனோடு சென்ற உயிர்களும், பின்னர் காற்றாலும் கடலாலும் வந்து சேர்ந்த உயிர்களும் பிற இடத்து உறவுகளோடு கலக்க வழியின்றித் தனிப்பாதையில் மாறிவந்தன. வௌவால்களைத் தவிர நிலத்தில் வாழும் பூர்வீகப் பாலூட்டிகளே இல்லாத ஒரு காடு அங்கு உருவாயிற்று. பறவைகளும் பூச்சிகளும் அந்த இடங்களை நிரப்பின. இன்று அந்நாட்டில் அறியப்பட்ட அந்துப்பூச்சிகளும் பட்டாம்பூச்சிகளுமாக ஏறத்தாழ 2,000 இனங்கள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை அகணிய உயிரிகள். பூரிரி அந்துப்பூச்சியின் நெருங்கிய உறவினங்கள் ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் வாழ்கின்றன. ஆனால் ஏனெட்டஸ் பேரினத்தில் நியூசிலாந்தில் வாழ்வது இந்த ஓர் இனம் மட்டுமே.

இந்தப் பூச்சி ‘பேய் அந்துப்பூச்சிகள்’ என்று வழங்கும் ஹெபியாலிடே குடும்பத்தைச் சேர்ந்தது. அந்துப்பூச்சி வரிசையில் இது மிகத் தொன்மையான கிளைகளுள் ஒன்று. அதன் பழமையை உடலமைப்பிலேயே காணலாம். பெரும்பாலான அந்துப்பூச்சிகளில் முன் இறக்கையின் நரம்பமைப்பும் பின் இறக்கையின் நரம்பமைப்பும் வேறுபட்டிருக்கும். இந்தக் குடும்பத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரியாக இருக்கும். பறக்கும்போது இரு இறக்கைகளும் சேர்ந்து இயங்குவதற்குப் பிற அந்துப்பூச்சிகளிடம் ஒரு முள் கொக்கிபோல் உதவுகிறது. இவற்றிலோ முன் இறக்கையின் அடியிலுள்ள ஒரு சிறு மடல் அந்த வேலையைச் செய்கிறது. உணர்கொம்புகள் மிகவும் குட்டையானவை. தேன் உறிஞ்சும் சுருள்குழலும் இல்லை. ஆண் பூச்சி சிறியது; அதன் பச்சை முன் இறக்கைகளில் வெண்ணிற வரிகளும், வெளிறிய பின் இறக்கைகளும் உண்டு. பெண் பூச்சி பெரியது. அதன் பச்சையில் கரும்புள்ளிகளும் திட்டுகளும் கலந்திருக்கும். மஞ்சளாகவோ நீலப்பச்சையாகவோ பிறக்கும் பூச்சிகளும் அரிதாகக் காணப்படுகின்றன. 1843இல் ஆங்கிலேயப் பூச்சியியலாளர் எட்வர்ட் டபுள்டே இதற்கு இட்ட ‘வைரெசென்ஸ்’ என்ற இலத்தீன் பெயருக்குப் பசுமையடைவது என்று பொருள்.

இனி, இதன் வாழ்க்கைக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை, அகணியம் என்ற கருத்து வெறும் இலக்கணமாக நின்றுவிடாமல் உயிர்பெறும் இடம் இதுதான்.

பெண் பூச்சி ஏறத்தாழ 2,000 முட்டைகள்வரை இடக்கூடியது. அவற்றை ஓர் இலையிலோ கிளையிலோ ஒட்டிவைப்பதில்லை; காட்டின் தரையில் விதை தூவுவதுபோல் உதிர்த்துவிடுகிறது. எந்த முட்டை எங்கு விழும் என்பது தற்செயலைப் பொறுத்தது. இத்தனை முட்டைகள் எதற்கு என்ற கேள்விக்கு விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது: பெரும்பாலானவை வீணாகும், உரிய இடத்தில் விழுந்த சில மட்டுமே தொடரும். அந்த உரிய இடம் உயிருள்ள மரமன்று. காட்டுத் தரையில் கிடக்கும் செத்த கட்டையும், அதன்மேல் தட்டுத்தட்டாக முளைத்திருக்கும் பூஞ்சையுமே ஆகும். முட்டையிலிருந்து வெளிவரும் நுண்ணிய புழு முதல் சில மாதங்கள் உதிர்ந்த இலைக்கும் மட்கிய கட்டைக்கும் இடையில் மறைந்திருந்து அந்தப் பூஞ்சையைத் தின்று வளர்கிறது.

பின்னாளில் உயிருள்ள மரத்தைத் துளைத்து வாழப்போகும் ஒரு புழு, தன் குழந்தைப் பருவத்தை இப்படிப் பூஞ்சையில் கழிக்கிறது என்பதைப் படித்தபோது நான் வியந்துபோனேன். புழுவின் வளர்ச்சி மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது என்பதையும், ஒவ்வொரு கட்டத்திலும் அதன் உடலமைப்பு மாறுகிறது என்பதையும் ஜான் கிரேஹன் 1980களில் செய்த ஆய்வுகள் விரிவாக விளக்கின. முதல் கட்டம் தரையில் கழிகிறது. இரண்டாம் கட்டம் குறுகிய இடைக்காலம். அப்போது புழு தோலுரித்து, தரையை விட்டு ஒரு மரத்தின் தண்டில் ஏறித் துளையிடத் தொடங்குகிறது. மூன்றாம் கட்டம் முழுவதும் மரத்துக்குள் கழிகிறது. நீண்ட காலம் நிலைப்பதும் இதுவே.

மரத்துக்குள் அது குடையும் வீட்டின் அமைப்பு எப்போதும் ஒரே மாதிரியானது. தண்டின் புறத்திலிருந்து உள்நோக்கி ஒரு சிறு குறுக்குவழி. அங்கிருந்து நேர் கீழே இறங்கும் நீண்ட குழல். தண்டை நெடுக்காகப் பிளந்து பார்த்தால் 7 என்ற எண்ணைப் போலத் தோன்றும். வாயிலைப் பட்டு நூலாலும் மரத்தூளாலும் பட்டைத் துணுக்குகளாலும் நெய்த ஒரு திரை மூடியிருக்கும். சுற்றியுள்ள பட்டையின் நிறத்தோடு அது கலந்துவிடுவதால், அருகில் நின்று பார்ப்பவர்கூட அதைக் கவனிக்காமல் கடந்துபோகலாம்.

மரத்தைக் குடைந்தாலும் மரக்கட்டை இதன் உணவன்று என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். வாயிலைச் சுற்றியுள்ள பட்டையைப் புழு அரித்து நீக்குகிறது. காயம்பட்ட மரம் அந்த இடத்தை மூடுவதற்காக ஓரங்களிலிருந்து மென்மையான புதுத் திசுவை வளர்க்கிறது. இரவில் புழு குழலிலிருந்து மேலேறி வந்து, திரையின் மறைவில் இருந்தபடியே அந்தத் திசுவைத் தின்கிறது. மரம் மீண்டும் வளர்க்கிறது. புழு மீண்டும் தின்கிறது. ஒரு சிறு வயலை உழுது பயிரிட்டு அறுவடை செய்துகொண்டே இருப்பதற்கு ஒப்பானது இது. பயிர் செய்வது மட்டும் மரத்தின் வேலை. புழு தண்டைச் சுற்றிலும் பட்டையை உரித்துவிடாமல் ஒரு சிறு பரப்பிலேயே நின்றுவிடுவதால் மரம் பொதுவாக இறப்பதில்லை. மெலிந்த இளந்தண்டுகள் மட்டும் துளையிருக்கும் இடத்தில் காற்றுக்கு ஒடிந்துவிடக்கூடும். பூச்சி வெளியேறிய பின்னர் மரம் அந்தக் காயத்தை ஆற்றிக்கொள்கிறது; நீள்வட்டத் தழும்பு மட்டும் நெடுங்காலம் நிலைத்திருக்கும்.

இப்படி ஆண்டுகள் கழிகின்றன. முழு வளர்ச்சியடைந்த புழு 10 சென்டிமீட்டர்வரை நீளும். பிறகு அது குழலுக்குள்ளேயே கூட்டுப்புழுவாகிச் சில மாதங்கள் இருக்கிறது. கூட்டுப்புழு என்றால் அசையாமல் கிடப்பது என்று நாம் நினைப்பதுண்டு. இதுவோ உடலை நெளித்துக் குழலில் மேலும் கீழும் நகரக்கூடியது. வெளியேறும் நாள் வந்ததும் அது வாயில்வரை ஏறி, உடலின் முன்பாதியைத் துளைக்கு வெளியே நீட்டிக்கொள்ள, ஓடு பிளந்து அந்துப்பூச்சி வெளிவருகிறது. கசங்கிய இறக்கைகள் விரிந்து உலரும்வரை அது மரத்தண்டைப் பற்றித் தொங்கிக்கொண்டிருக்கும். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான வசந்தகாலமே இதற்குரிய முக்கியப் பருவம். ஆண்டின் பிற மாதங்களிலும் சில பூச்சிகள் வெளிவருவதுண்டு.

வெளிவந்த பூச்சிக்குப் பயன்படும் வாயுறுப்பு இல்லை. அது உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை. புழுவாக இருந்தபோது சேர்த்துவைத்த கொழுப்பைச் செலவிட்டபடி ஏறக்குறைய இரண்டு நாட்கள் பறந்து, துணை தேடி, முட்டைகளைத் தூவிவிட்டு இறந்துபோகிறது. முட்டை முதல் இறப்பு வரை ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நீளும் வாழ்வில், நாம் ‘அந்துப்பூச்சி’ என்று அழைக்கும் பச்சை இறக்கை கொண்ட வடிவம் ஆயிரத்தில் ஒரு பங்கு காலம்தான் இருக்கிறது. அதன் பெயரை நாம் அந்த இரண்டு நாட்களிலிருந்து எடுத்துக்கொண்டோம். அதன் வாழ்வோ பூஞ்சையிலும் மரத்துளையிலும் கழிந்துவிட்டது. அகணிய உயிரி ஒன்றைப் பாதுகாக்க வேண்டுமென்று பேசும்போது, கண்ணுக்குத் தெரியும் பருவத்தை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதாது என்று நான் கருதுவது இதனால்தான். மரங்கள் நின்றாலும், விழுந்த கட்டைகளை அப்புறப்படுத்தித் தூய்மையாக்கிய காட்டுத் தரையில் இளம்புழுவுக்கு உணவில்லை. கட்டைகள் மட்கிக் கிடந்தாலும், அருகில் ஏறத்தக்க மரமில்லையென்றால் வாழ்வு தொடராது.

பெயரில் உள்ள பூரிரி என்பது ஒரு மரம். வட தீவின் வடபகுதிக் காடுகளுக்குரிய அதுவும் நியூசிலாந்தின் அகணிய உயிரியே. நாம் நன்கறிந்த நொச்சியும் பூரிரியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதைத் தமிழ் வாசகர்கள் அறிந்துகொண்டால் அந்த மரம் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. நொச்சியைப் போலன்றிப் பூரிரி பெருமரமாக வளர்ந்து மிக உறுதியான கட்டையைத் தருகிறது. ஆயினும் இந்தப் புழு பூரிரியை மட்டும் நம்பி வாழ்வதன்று. மானுக்கா உட்படப் பல பூர்வீக மரங்களிலும், பிற நாடுகளிலிருந்து கொண்டுவந்து நட்ட சில மரங்களிலும்கூட அது துளையிடுகிறது. புட்டபுட்டாவேட்டா என்ற சிறுமரம் அதற்கு மிகவும் விருப்பமானது. உண்ணும் மரத்தில் இத்தனை நெகிழ்வு இருப்பதும் அது பரவலாக நிலைத்திருப்பதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் பூச்சிக்கும் புழுவுக்கும் தனித்தனியே பெயரிட்டிருக்கிறார்கள்; வாழ்வின் இரு பாதிகளையும் அவர்கள் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பதற்கு இதுவே சான்று. பூச்சியின் பெயர் பெப்பெட்டுனா. ‘பெப்பே’ என்றால் அந்துப்பூச்சி, ‘டுனா’ என்றால் விலாங்கு மீன். விலாங்கு பிடிக்க இது இரையாகப் பயன்பட்டது. மரம் துளைக்கும் புழுவின் பெயர் மொகோரோவா. ‘மொகோரோவா சிறியதுதான், ஆனால் கஹிகாட்டேயா மரத்தையே அது அரித்துவிடும்’ என்பது அவர்களிடையே வழங்கும் பழமொழி. கஹிகாட்டேயா என்பது அந்நாட்டின் காடுகளிலேயே மிக உயரமாக வளரும் மரம்.

இந்தப் புழுவைப் பற்றி நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு தவறான செய்தியையும் குறிப்பிட வேண்டும். புழுவின் உடலுக்குள் புகுந்து, அதைக் கட்டைபோல் இறுகச்செய்து, தலைப்பக்கத்திலிருந்து குச்சிபோல முளைத்தெழும் ஒருவகைப் பூஞ்சை நியூசிலாந்தில் உண்டு. ஆவெட்டோ என்று வழங்கும் அந்த ‘தாவரப் புழு’வைக் கரித்துப் பொடியாக்கி, மாவோரி மக்கள் பச்சைகுத்தும் மையில் சேர்த்தார்கள். இதைப் பூரிரி அந்துப்பூச்சியின் புழு என்று பலரும் எழுதிவந்தனர். உண்மையில் அது மண்ணுக்குள் வளை தோண்டி வாழும், அதே பேய் அந்துப்பூச்சிக் குடும்பத்தின் வேறோர் இனத்தின் புழு. மரத்தின் தண்டுக்குள் வாழும் புழு, தரையிலிருந்து முளைக்கும் பூஞ்சையாக எப்படி மாறும் என்று ஒருமுறை எண்ணிப்பார்த்திருந்தால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்காது.

காட்டில் இந்தப் பூச்சியை நம்பி வாழும் உயிர்கள் பல. ருரு என்னும் சிறு ஆந்தை பறக்கும் பூச்சியைப் பிடித்துத் தின்கிறது. காகா என்னும் காட்டுக்கிளி தன் வலிய அலகால் தண்டைப் பிளந்து புழுவை வெளியே இழுக்கிறது. இவையெல்லாம் அந்தக் காட்டில் நெடுங்காலமாக நடந்துவரும் கொடுக்கல் வாங்கல். பின்னாளில் மனிதர் கொண்டுவந்த பூனையும் ‘பாசம்’ (possum) என்னும் ஆஸ்திரேலிய விலங்கும் இவற்றோடு சேர்ந்துகொண்டன. பாசம் என்பது உரோமத் தொழிலுக்காக 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்ட, மரமேறும் பைப்பாலூட்டி. பாலூட்டிகள் இல்லாத காட்டில் உருவான ஒரு பூச்சிக்கு இந்தப் புதுப் பகைகளை எதிர்கொள்ளும் பழக்கம் இல்லை.

பூச்சி போன பிறகும் அது குடைந்த துளை வீணாவதில்லை. வேட்டா என்பவை வெட்டுக்கிளியின் உறவான, இறக்கையற்ற, பருத்த பூச்சிகள். அவையும் நியூசிலாந்தின் அகணிய உயிரிகளே. மரத்தில் வாழும் வேட்டாக்கள் பகலில் ஒளிந்துகொள்ள இருட்டான பொந்துகளைத் தேடுபவை. ஆனால் உயிருள்ள கட்டையில் இப்படியொரு குழலைத் தாமே குடையும் திறன் அவற்றுக்கு இல்லை. அந்துப்பூச்சி விட்டுச்சென்ற 7 வடிவ வீட்டில் அவை குடியேறுகின்றன. மொகோரோவா மிகவும் விரும்பித் துளையிடும் அந்தச் சிறுமரத்தில் இந்தக் காட்சியை மாவோரி மக்கள் அடிக்கடி கண்டிருக்க வேண்டும். புட்டபுட்டாவேட்டா என்று அவர்கள் அதற்கு இட்ட பெயரின் பொருள், ‘வேட்டாக்கள் வெளிவந்துகொண்டே இருக்கும் மரம்’.